காக்காய்க்கு வைத்த வடை

அப்பா இறந்த பிறகும் எங்கள் தார்நாகா வீட்டில் அவர் குரல் இருந்தது. அவர் வளர்த்த கிளி, மாலை ஆறானால் "ஏட்டி, கதவத் தொற" என்று அவரைப் போலவே அதட்டும். அம்மாவும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் வருடத் திதியன்று மொட்டை மாடியில் நின்று காக்காயைக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒன்றுகூட வரவில்லை. காக்காய் எடுக்காமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. அம்மாவோ சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாள், தலை சுற்றியது. கடைசியில் பருப்புச் சோறு, உளுந்து வடை, பாயசத்தோடு காக்காய்க்கு வைத்த இலையைக் கூண்டுக்குள் வைத்துவிட்டாள். கிளி ஆசையாகத் தின்றது.

மறுநாள் காலையில் அது கூண்டின் அடியில் இறகை உப்பிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தது.

"அவுகளுக்குக் கோவம்ல. காக்காக்கு வைக்காம இதுக்கு வச்சுட்டேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மாவைக் கேலி செய்தேன். ஆனால் ஆட்டோவில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் போகச் சொல்லி டிரைவரை விரட்டியதும் நான்தான்.

வடை, பாயசம் என்றதும் கால்நடை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். உப்பு, எண்ணெய், இனிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை: "நக்கோ!" கூடவே கூடாதாம். மருந்து கொடுத்தார். ஊறவைத்த பாசிப்பயறு, கொய்யா, முருங்கைக்கீரை மட்டும் போதும் என்றார்.

கிளி எதையும் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை.

"அது திங்காம எனக்கு எப்படில இறங்கும்?"

வெறும் வயிற்றில் போட்டுவிடக் கூடாதென்று அவளுடைய சர்க்கரை மாத்திரையை ஒளித்து வைத்தேன். ஹைடெக் சிட்டி ஆபீசுக்கு லீவு சொன்னேன். கிளி போனால் அம்மாவும் போய்விடுவாள் என்று பயந்தேன். முருங்கை இணுக்கை அலகருகே நீட்டி, "உனக்குப் புண்ணியமாப் போகும், தின்னு" என்று பறவையிடம் கெஞ்சினேன். மறுநாள் சாயங்காலம் ஓர் இலையைக் கடித்தது. அம்மா உடனே தட்டில் சோறு போட்டுக்கொண்டு கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வருடத் திதிக்கு அதிசயமாக ஒரு காக்காய் மாடிச் சுவரில் வந்து காத்திருந்தது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த இலையில் பாசிப்பயறும் கொய்யாவும் கீரையும்தான் இருந்தன. படைத்து முடித்ததும் அதைக் கூண்டுக்குள் வைத்தாள்.

"வடை எங்கம்மா?"

"அவுகளுக்குத்தான் வடை ஒத்துக்கிடலியேல, மறந்துட்டியா?" என்றாள் அம்மா.

கிளி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன்.