பத்து மணிக்குத் தூங்க வேண்டிய பெட்டி

என் மனைவிக்கு இடது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்து, பச்சை அங்கி மாட்டி, கண்ணில் சொட்டு மருந்தும் விட்டுவிட்டு, கடைசியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தேதியிலும் அதேதான். நூற்று எழுபதுக்கு மேல் இருந்தால் கத்தியைத் தொட மாட்டாராம் டாக்டர்.

"ராத்திரி நித்ரே சரியா ஆகுதாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எங்கம்மா ஆகும்? இவரு ரூமுக்குள்ள ஒரு பெட்டி வெச்சிருக்காரு. விடிய விடிய உறுமிட்டே இருக்கு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருட அரசுப் பணியில் தணிக்கைக்காரர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பெட்டி என்பது என் பழைய கம்ப்யூட்டர். ஓய்வு பெற்றதும் அதை வீட்டு சர்வராக மாற்றினேன். குடும்பப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரம், பென்ஷன் ஆணை, பழைய பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் போனிலேயே எடுத்துப் பார்க்கலாம். என் காகிதங்களை எங்கோ முகம் தெரியாதவர்களின் கணினியில் போட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. படுக்கையறையில் ஏன் வைத்தேன் என்றால், இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவருக்குத் துளை போட வசதியாக இருந்தது அந்த ஜன்னல்தான். தொம்மலூரின் பழைய சந்தில் இரண்டே அறை கொண்ட வீடு எங்களுடையது. எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இங்கிருந்தே எண்ணலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம குஜரி வண்டிக்காரரு வருவாரு. பழைய பேப்பரோட சேத்து அதையும் போட்டுடலாம்."

"ஒரு வாரம் கொடு. ராத்திரி தானாகத் தூங்கி, காலையில் தானாக எழுந்திருக்கிற மாதிரி பண்ணிடறேன்."

"அதுக்கு எதுக்கு ஒரு வாரம்? சும்னே சுவிட்ச அமுக்கினா ஆகாதா?"

ஆகாது என்று விளக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கழுத்தை நெரிக்கக் கூடாது. முறைப்படி அறிவித்து, அது கையிலுள்ள வேலையை முடித்து, கோப்புகளை மூடிவிட்டுப் படுக்க வேண்டும். அவள் ஆட்டோ மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இயந்திரத்தைத் தூங்கவைக்கும் கட்டளைக்குப் பெயர் 'சஸ்பெண்ட்'. இதைப் படித்தபோது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையே பணியாளர் பிரிவில் சஸ்பென்ஷன் ஆணை எழுதுவதில் கழிந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பிழைப்பூதியம், தொண்ணூறு நாளில் மறுஆய்வு என்று ஒருவரைச் சஸ்பெண்ட் செய்ய ஒரு கட்டு காகிதம் வேண்டும். அப்புறமும் அவர் கோர்ட்டுக்குப் போய் மாலையோடு திரும்பி வருவார். இங்கே ஒரே ஒரு வரி போதும். பெட்டி விளக்கம் கேட்காமல் படுத்துக்கொள்ளும், காலையில் முறையிடாமல் பணியில் சேரும். இப்படி ஓர் ஊழியரைப் பார்க்க நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

இரவு பத்துக்குத் தூக்கம், காலை ஆறுக்கு விழிப்பு என்று அட்டவணை போட்டேன். நான்கு பக்கத்துக்கு நடைமுறைக் குறிப்பு தட்டச்சு செய்து அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

"என்ன போட்டிருக்கு அதுல?"

"படிச்சுப் பாரேன்."

"கண்ணு தெரிஞ்சா நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

நான் ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஆறு வரை உலகத்தில் எது நடந்தாலும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை பெட்டி அமைதியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆறு மணிக்குத் தானாக எழ வேண்டியது எழவில்லை, பட்டனை அழுத்தியதும் சோம்பலாக எழுந்தது. தூக்கம் வெற்றி, விழிப்பு மட்டும் குறைபாடு என்று நாட்குறிப்பில் எழுதினேன். பாதி வெற்றிக்கே பதவி உயர்வு கொடுத்த துறையிலிருந்து வந்தவன் நான்.

முக்கியமாக, மனைவி தூங்கினாள். வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அழுத்தம் நூற்று முப்பது. டாக்டரே இரண்டு முறை அளந்து பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மனைவியை. பதில் சொன்னது நான். தானியங்கித் தூக்கம், நேரக் கட்டளை, சஸ்பெண்ட் என்ற சொல்லின் நிர்வாகப் பின்னணி எல்லாவற்றையும் விளக்கினேன். மனைவி சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விழிப்புக் குறைபாட்டை ஆராய உட்கார்ந்தேன். பெட்டி தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரும். படுக்கப் போகிறேன் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி ஒரு நாள்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் பதிவு பாதியில் அறுந்து நின்றது. நேரம் மாலை நாலு முப்பத்தைந்து, அல்லது அதையொட்டி. ஆனால் அந்த நேரத்தில் தினமும் நான் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பெட்டியின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை. அது லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம் ஆகியும் என் படுக்கையறையில் அவன் மணிதான் அடித்திருக்கிறது. நான் பத்து மணிக்குத் தூங்கச் சொன்னது இங்கே விடிகாலை மூன்றரை. நாலு முப்பத்தைந்தோடு ஐந்தரையைக் கூட்டினால் இரவு பத்து ஐந்து. பத்து ஐந்துக்கு இந்த வீட்டில் விழித்திருப்பவர் ஒருவர்தான்.

சமையலறைக்குப் போனேன்.

"தெனமும் ராத்திரி பிளக்கைப் புடுங்கறியா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. பத்து மணிக்குத் தூங்கும்னீங்க. மொத நாளு பத்தாச்சு, அஞ்சு நிமிஷம் பாத்தேன். அது பாட்டுக்கு உறுமுது. புடுங்கிட்டேன். காலைல எழுந்ததும் திரும்பச் சொருகிட்டேன்."

"ஃபைலெல்லாம் கெட்டுப் போயிருந்தா?"

"கண்ணு கெட்டுப் போயிருந்தா?"

அந்தக் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவ்ளோ சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன். வெளிய வேற பத்துப் பேரு வரிசையில உக்காந்திருந்தாங்க."

கடிகாரத்தைத் திருத்தினேன். அன்று இரவு பத்து மணிக்கு இருவரும் பெட்டியின் முன்னால் நின்றோம். விசிறி நின்றது, உறுமல் அடங்கியது. முகப்பில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

"கண்ணடிக்குது பாருங்க."

"அது தூங்குதுன்னு அர்த்தம்."

"தூங்கறவங்க கண்ணடிப்பாங்களா?" என்று குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். "புதன்கெழம வரைக்கும் இப்படித்தான்."

அவள் பிளக்கைப் பிடுங்கும் முன்பே, ஒன்பது ஐம்பதுக்கு, பெட்டி முழுவதுமாக அணையும்படி அட்டவணையை மாற்றினேன். வேறு வழியில்லை.

புதன்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அறையை ஒரு சுற்று பார்த்தவள் பெட்டியின் பின்பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, இதுக்கு எப்போ கம்பளி போத்தினீங்க?"

நானும் போய்ப் பார்த்தேன். காற்று வெளியேறும் சல்லடை முழுக்கச் சாம்பல் நிறத்தில், துணி போல, விரல் கனத்துக்குத் தூசி. வெளிச் சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டிகளின் புழுதி எல்லாம் ஜன்னல் வழியாக வந்து அங்கே குடியேறியிருந்தது. அவளுக்குத் தெரியாததற்குக் கண்புரை காரணம். எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

புதுக் கண்ணில் தூசி படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் அவள் ஹால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாசல் வழியாக மேற்பார்வை பார்த்தாள். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விசிறியைச் சுத்தம் செய்தேன்.

"கீழ் மூலைல பாருங்க. இன்னும் இருக்கு."

பட்டனை அழுத்தினேன். விசிறி சுழன்றது, உறுமலைக் காணோம். அவள் எழுந்து வந்து காதை அருகே வைத்துக் கேட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்போ இத்தன நாளு?"

நான் துண்டை அவிழ்க்காமலே நின்றேன். அதற்குள் முகத்தைக் காட்டுவது உசிதமாகப் படவில்லை.

அன்று மதியம் அவள் அறையில் படுத்தாள். தலைமாட்டில் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் ஹாலில் ஏணி மேல் நின்று, அவள் படுக்கப் போகும் முன் கைகாட்டிவிட்டுப் போன மின்விசிறியின் இரண்டாவது இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.