திரும்பி நின்ற பாட்டில்கள்

ரயில் நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்த அந்த பாரில் நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் அவை ஆள் மேல் பறக்கும். அதை நடத்திய என் பெரியப்பாவுக்கு அடிதடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சந்தேகம்தான் அவருக்குக் கூடவே பிறந்தது. கை ஈரமாக ஒருவன் உள்ளே வந்தால்கூட, "எங்கேடா கழுவிட்டு வர்றே?" என்பார்.

கடையை மூடும்போது பாட்டில்களை லேபிள் முன்னால் தெரிய வரிசையாக நிறுத்துவார். காலையில் வந்து திறந்தால் பாதி பாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சாவி ஒன்று அவரிடம். இன்னொன்று கூடமாட கடையைப் பார்த்துக்கொண்ட தம்பியிடம், அதாவது என் அப்பாவிடம்.

"குடிச்சுட்டு தண்ணி ஊத்தி நெரப்பி வைக்கிறியாடா?"

"நான் குடிக்கிறதே இல்லையேண்ணே."

"அதான் சந்தேகமே!"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவை வெளியே அனுப்பினார். திருடன் என்று பேர் வாங்கிய அப்பா வேறு ஊரில் ஒரு கிடங்குக்குக் காவல்காரர் ஆனார். இங்கே பெரியப்பா பூட்டை மாற்றினார், பாட்டில் திரும்பியது. பரிமாறுகிறவரை மாற்றினார், அப்போதும் திரும்பியது. "கள்ளச்சாவி போட்டிருப்பான்" என்று அதையும் அப்பா தலையில் கட்டினார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல வருஷம் கழித்து, தண்டவாளத்தைப் புதுப்பிக்க ரயில்களை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பாட்டில்கள் வைத்தது வைத்தபடி நின்றன. தம்பிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் திருட வரவில்லை என்று பெரியப்பா நினைத்தாராம். வேலை முடிந்து முதல் சரக்கு ரயில் வந்தபோது, பாரில் இருந்தவர்கள் வழக்கம்போல் கிளாஸை மேஜையிலிருந்து தூக்கிப் பிடித்தார்கள். ரயில் போனால் மேஜை அதிரும், கிளாஸில் இருப்பது சிந்தும். அது அங்கே ஊறிப்போன பழக்கம், ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. பெரியப்பா அன்றுதான் யோசித்தார். அலமாரியைப் பார்த்தார். பாட்டில்கள் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து சாவியை அப்பா முன்னால் வைத்தார்.

"ரயில்தான்டா. வந்துடு."

"பாட்டில் சரிண்ணே. நாளைக்கு வேற ஏதாவது இடம் மாறினா யாரைக் கேப்பே?"

பெரியப்பா சாவியை அப்பா பக்கம் இன்னும் நகர்த்தினார். அப்பா வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அந்தக் கடையை நினைத்து அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவரோ சாவியை எடுத்து அண்ணன் பாக்கெட்டிலேயே போட்டார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கிளம்பும்போது பெரியப்பா பாக்கெட்டைத் தடவி, சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்பாவும் அதைப் பார்த்தார்.