கேட்காத அக்கா

லோசலினேக்குக் கப்பல் ஏஜெண்ட் வேலை. டோங்கா நாட்டு வவாவுத் தீவின் நெயாஃபூ துறைக்கு உல்லாசக் கப்பல் வந்தால் தண்ணீர் ஏற்றுவது முதல் வயிற்றுவலிக்காரருக்கு டாக்டர் பிடிப்பது வரை எல்லாம் அவள் பொறுப்பு. கரையில் இறங்குகிறவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது அவள் தம்பி சியோசிஃபாவின் பொறுப்பு. அவன் குடியேற்ற அதிகாரி. துறைமுகக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆறடி இடைவெளியில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அக்கா தம்பியிடம் ஒரு காரியம் கேட்டது கிடையாது.

சண்டையெல்லாம் இல்லை, மரியாதைதான். டோங்காவில் கூடப்பிறந்தவள் இருக்கிற இடத்தில் ஆண்பிள்ளை வேடிக்கைப் பேச்சுப் பேசக் கூடாது, காலை நீட்டி உட்காரக் கூடாது. அவள் ஒன்றைக் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்லவே கூடாது. அரசாங்கம் இதையெல்லாம் யோசித்து மேசை போடவில்லை. லோசலினே முதல் நாளே யோசித்துவிட்டாள். தான் வாயைத் திறந்தால் அது விண்ணப்பம் ஆகாது, உத்தரவு ஆகிவிடும். அதனால் எதுவானாலும் தாளில் எழுதி, நடுவில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரி கெலெபியிடம் கொடுப்பாள். கெலெபி எழுந்து மூன்றடி நடந்து அதைச் சியோசிஃபாவின் மேசையில் வைப்பான். ஊரிலேயே பெரிய வாயாடி கெலெபி. அக்காவும் தம்பியும் சேர்ந்திருக்கும் கூடத்தில் ஒரு கெட்ட ஜோக் கூட அடிக்க முடியாமல் அவன் கழித்த வருஷங்களை ஆயுள் தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை கப்பலின் முதல் படகில் அனாசெய்னி அம்மாள் கரைக்கு வந்தார். வவாவுக்காரர்தான், நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போய் நாற்பது வருஷமாகிறது, பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையதுதான். எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தீவுகளைச் சுற்றிவிட்டு ஆக்லாந்திலேயே இறங்குவதாகச் சீட்டு. முந்தின நாள் நடுக்கடலில் செய்தி வந்தது, வவாவில் இருந்த அவருடைய தம்பி போய்விட்டார் என்று. அன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம். மூத்த அக்கா தலைமாட்டில் வந்து உட்காராமல் பெட்டியை மூட மாட்டார்கள். தள்ளிப்போடவும் வழியில்லை, மறுநாள் ஞாயிறு, டோங்காவில் அன்றைக்கு யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. கிராமம் முக்கால் மணி தூரம். கப்பலின் கடைசிப் படகோ நாலரைக்கு. போனால் திரும்ப முடியாது. ஆகவே இங்கேயே, சீட்டில் இல்லாத துறையில், கப்பலை விட்டு அவர் இறங்கியாக வேண்டும். அதற்குக் குடியேற்ற அதிகாரி அனுமதி தர வேண்டும்.

"நீயும் அக்கா, நானும் அக்கா. உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, காரியம் முடிஞ்சுது" என்றார் லோசலினேயிடம்.

"சொல்ல மாட்டேம்மா."

"ஏன், பேச்சுவார்த்தை இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கோம். நான் கேட்டா அவனால முடியாதுன்னு சொல்ல முடியாது. அப்படிப்பட்டவன்கிட்ட கேக்கறதுக்குப் பேரு கேக்கறதா?"

"என் தம்பி பெட்டியில கெடக்கான். நீ எனக்குப் பாடம் நடத்தறே!"

"மூணு மணிக்கு உங்கள வண்டியில ஏத்தறேன். எனக்கு ரெண்டு தாள் வேணும், அவ்ளோதான். இங்கயே உக்காருங்க."

பயணி இங்கே இறங்கிக்கொள்கிறார் என்று கப்பலிலிருந்து ஒரு கடிதம், நாட்டைவிட்டுத் திரும்பிப் போக ஒரு விமான டிக்கெட். சட்டம் கேட்கிற இரண்டு தாள் அவைதான்.

படகு பிடித்துக் கப்பலுக்குப் போனாள். அங்கே பயணிகள் அதிகாரி, பாதி வழியில் இறங்குவதற்குத் தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும், அதைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். லோசலினே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் திங்கக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன். அஞ்சு மணிக்கு நீங்க கெளம்பறதுக்கு ஒரு தாள் இருக்குல்ல, அதுலயும் என் கையெழுத்து வேணும்."

சொந்தத் தம்பியை ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டேன் என்றவள், ஆயிரத்தெண்ணூறு பேர் இருக்கிற கப்பலை மிரட்டுவதில் தப்பு ஒன்றும் காணவில்லை. கப்பல் முடியாது என்று சொல்லலாமே, யார் தடுத்தார்கள் என்பது அவள் கணக்கு. கப்பல் சொல்லவில்லை. அதிகாரி யாருக்கோ போன் போட்டார், பிறகு இன்னொருவருக்குப் போட்டார், கடைசியில் கடிதம் வந்தது.

விமான அலுவலகம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மூடிவிடும். டிக்கெட் போடுகிற பெண் சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். இரண்டாவது சரணத்தின் நடுவில் லோசலினே அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

ஒன்றரை மணிக்கு இரண்டு தாளும் கெலெபி கைக்கு வந்தன. அவன் மூன்றடி நடந்தான். சியோசிஃபா படித்தான், படித்ததையே மறுபடி படித்தான், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தான். காது மடல் சிவந்து போயிற்று. நிமிர்ந்து பார்க்காமல் கெலெபியிடம் ஏதோ முணுமுணுத்தான்.

கெலெபி வந்த வேகத்தைப் பார்த்தால் மூன்றடி முப்பதடி மாதிரி இருந்தது.

"அக்கா... திருப்பிட்டான்."

"என்னவாம்?"

"கடிதத்துல பிறந்த தேதி ஏழுன்னு போட்டிருக்கு. பாஸ்போர்ட்டுல ஒண்ணு. திருத்திக் கொண்டாரச் சொல்றான்." குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்டப் போயி வேண்டாம்னுட்டானே!"

அனாசெய்னி அம்மாள் எழுந்துவிட்டார். "இவனெல்லாம் ஒரு தம்பியா? பெத்தவ இருந்தா நாக்கைப் புடுங்கியிருப்பா!"

"அங்க உக்காந்திருக்கறது அதிகாரிம்மா" என்றாள் லோசலினே. அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பரீட்சையில் பிள்ளை தேறிவிட்டதைக் கேட்ட முகம் மாதிரி இருந்ததாகக் கெலெபி பிறகு ஊரெல்லாம் சொன்னான். எழுதிக் கொண்டுவந்ததைச் சரிபார்க்காமல் கொடுத்தது தன் தப்பு என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் மணி இரண்டாகப் போகிறது. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மறுபடி படகுத்துறைக்கு ஓடினாள். காற்று திரும்பியிருந்தது. இடுப்பு வரை நனைந்துகொண்டு போனாள்.

வாசலில் கிராமத்து வண்டி இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. அனாசெய்னி அம்மாளின் உறவுக்காரிகள் கறுப்பு உடையும் துக்கப்பாயும் கொண்டுவந்து கூடத்திலேயே அவர் இடுப்பில் சுற்றிவிட்டார்கள். சியோசிஃபா எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தம்பியின் அடக்கத்துக்குக் கட்டும் பாயை அந்நியன் வேடிக்கை பார்ப்பது அழகில்லை. திருத்திய தாள் வராமல் உதவி செய்கிற வாய்ப்பும் அவனுக்கு இல்லை.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லோசலினே தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தாள். திருத்திய இடத்தில் கப்பல் முத்திரை. கெலெபி இந்தத் தடவை நடக்கவில்லை, ஓடினான். சியோசிஃபா தேதியைப் பார்த்தான், பாஸ்போர்ட்டைப் பார்த்தான், குத்தினான்.

அனாசெய்னி அம்மாள் போகிற அவசரத்தில் நன்றி சொல்லவில்லை. வண்டியில் ஏறியபின் தலையை நீட்டி, "ஈரத்தோட நிக்காத, பிடிவாதக்காரி!" என்று மட்டும் கத்தினார்.

நாலேகாலுக்குக் கிராமத்திலிருந்து கெலெபிக்குப் போன் வந்தது. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தாயிற்று, தம்பி நெற்றியில் முத்தம் கொடுத்தாயிற்று, பாட்டுக்காரர்கள் ராகம் சரியில்லை என்று திட்டும் வாங்கியாயிற்று, இப்போதுதான் பெட்டியை மூடுகிறார்கள்.

ஐந்து மணிக்கு ஒரு தலை குறைத்து எழுதிய பயணிகள் பட்டியலோடு கப்பல் கிளம்பியது. சியோசிஃபா வழக்கம்போல முதலில் வீட்டுக்குப் போய்விட்டான். கெலெபிக்கு வாய் விடுதலையாயிற்று.

"ஒரு வார்த்தை, அக்கா. ஒம்பது மணிக்கே முடிஞ்சிருக்கும். அந்தக் கெழவி உன்னத் திட்டியிருக்க மாட்டா, நீயும் நனைஞ்ச கோழியா நின்னிருக்க வேண்டாம்."

"இன்னிக்கு முடிஞ்சிருக்கும். அடுத்த கப்பல்ல இன்னொருத்தி இதே மாதிரி வருவா. அன்னிக்கு நான் லீவுல இருந்தா? அவளுக்காகக் கேக்கறதுக்கு எந்த அக்காவத் தேடுவா?"

கெலெபி கோப்பில் வைக்க வேண்டிய அனுமதித் தாளின் நகலை அவளிடம் நீட்டினான்.

அனுமதிக்கான காரணம் என்ற இடத்தில் சியோசிஃபா தன் கையால் எழுதியிருந்தான். சாவு, தம்பி, அக்கா என்று ஒரு சொல்லும் இல்லை. 'ஆவணங்கள் சரியாக உள்ளன' என்று மட்டும் இருந்தது. லோசலினே அதை இரண்டு தரம் படித்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கோப்பில் வைத்தாள்.