தொப்பூர் இறக்கமும் வெள்ளிக் காசும்

எங்கள் வீட்டில் டீசலுக்கு இருக்கும் மரியாதை மனிதர்களுக்குக் கிடையாது. நாமக்கல்லில் எட்டு லாரி ஓடும் குடும்பம் எங்களுடையது. வருடம் முழுக்க அதிக மைலேஜ் காட்டிய டிரைவருக்கு ஆயுத பூஜை அன்று ஒரு வெள்ளிக் காசு கொடுப்போம். சந்தனம், குங்குமத்தோடு தட்டில் வைத்து அதை நீட்டுவது நான்தான். பெரிய தர்மம் செய்துவிட்டதுபோல இத்தனை வருடமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர பெங்களூர் போனோம். போகும்போதே ஆரம்பித்துவிட்டது. கர்நாடகத்தில் டீசல் கொஞ்சம் மலிவு என்பதால், என் வீட்டுக்காரர் எல்லை வரைக்கும் போய்ச் சேருகிற அளவுக்குத்தான் காரில் டீசல் வைத்திருப்பார். கிருஷ்ணகிரி தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஏசியை அணைத்தார். வழியில் வந்த ஒவ்வொரு பங்க்கையும் நான் கையைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"சும்மா வா புள்ள, எனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியுமாம். வியர்வையில் என் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது எல்லைக்கு முன்னால், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் டேங்கை நிரப்பினார். டீசல் வழிகிற அளவுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. கீழே இறங்கி, காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் டீசல் இறங்கட்டும் என்று காரைப் பிடித்து ஆட்டினார். உள்ளே நிறைமாதப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மிணி, ஒரு நிமிசம் கெட்டியாப் புடிச்சுக்க சாமி" என்று அவளுக்கு உத்தரவு வேறு. பங்க் ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மானமே போயிற்று.

தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலத்துப் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் சரிந்துகொண்டே வரும் சாலை. அங்கே கியரை எடுத்து நியூட்ரலில் உருளவிட்டால் டீசல் மிச்சம் என்பது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை. அப்படி இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளின் கதியும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போடுவார்கள். இவரும் போட்டார்.

"அப்பா, கியர்ல போடுங்க" என்றாள் பின்னால் இருந்த மகள். அவளுக்கு வேலையே எஞ்சின் செய்யும் கம்பெனியில்தான். "கியர்ல எறங்குனாத்தானுங்க டீசல் போகாது. நியூட்ரல்ல எஞ்சின் அணையாம இருக்கறதுக்கே டீசல் குடிக்குமுங்க. நம்ம புது லாரிகளும் அப்படித்தான்."

"முப்பது வருசமா எறங்கறேன் அம்மிணி. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அடுத்த வளைவில் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் உருண்டுகொண்டே போனது. மறுபடி மிதித்தார். கருகல் வாடை மூக்கில் ஏறியது. மகள் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு குனிந்தாள். லாரியின் பின்பக்கப் பலகை என் முகத்துக்கு நேரே வந்தபோது கார் எப்படியோ நின்றது. நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

ஓரமாக நிறுத்தினார். நான் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை அசைந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"உங்க மைலேஜுல இடி உழ. நாலு சொட்டு டீசலுக்கு நாலு உசுரு கேக்குதுங்களா? கியரப் போடறதுன்னா வண்டிய எடுங்க. இல்லீன்னா நாங்க எறங்கி நடக்கறோம்."

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, கியரில் போட்டு எடுத்தார். மகள் முன்னால் எட்டி, எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று காட்டும் திரையை வரவழைத்தாள். ஆக்சிலேட்டரிலிருந்து அவர் காலை எடுத்ததும் அது பூஜ்யத்துக்குப் போனது. அடிவாரம் வரைக்கும் பூஜ்யத்திலேயே நின்றது. முப்பது வருடமாக மிச்சம் பிடித்த லட்சணம் அது.

கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். போன ஆயுத பூஜைக்கு வெள்ளிக் காசு வாங்கிய டிரைவர் அன்றைக்கு லோடோடு எங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

"ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்றார்.

நானே போட்டேன். டிரைவர் தர்மபுரியில் சாப்பிட நிறுத்தியிருந்தார். கியரிலேயே இறங்கச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, மைலேஜ் கொறஞ்சா அண்ணன் கேப்பாருங்களே?"

போனை ஸ்பீக்கரில் போட்டு என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கியர்லயே எறங்கு சாமி. இனிமே நான் கேக்கல."

"சரிங்கண்ணா" என்ற டிரைவர் போனை வைக்கவில்லை. "அக்கா, இப்பச் சொல்றதுக்கு என்னங்க. அந்தக் காசு வாங்குன வருசம் இதே எறக்கத்துல ரெண்டு தடவ எனக்கு பிரேக் புடிக்கலீங்க."

போன ஆயுத பூஜை அன்று தட்டிலிருந்து காசை எடுக்கும்போது அந்த டிரைவரின் கை நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறார் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவள் நான்தான்.