இரண்டு பிள்ளைகளுக்கான வீடு

ஸ்ரீரங்கத்தில் மகனுக்கு வாடகை வீடு பார்க்கப் போயிருந்தோம். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. "குடும்பத்துல எத்தனை பேருங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மகன் பதில் சொல்லட்டும் என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அது அபூர்வம்; என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

ஐம்பதுகளின் கடைசியில், திருவானைக்காவலில், இதே வாசனை, இதே கேள்வி. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் வீட்டுக்கார அம்மாள் வீடு தரமாட்டார். உள்ளேயே குழாய், குறைந்த வாடகை. நாங்கள் மூன்று பிள்ளைகள்; ஆனாலும் அப்பாவுக்கு அந்த வீட்டை விட மனமில்லை. ஐந்து வயதுத் தங்கை கமலாவை, "ரெண்டு மாசம்தான்" என்று வையம்பட்டி மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

"யாரு கேட்டாலும் நீயும் அண்ணனும் மட்டும்தான்னு சொல்லணும், புரியுதா?" என்று எனக்குப் பாடம் நடத்தினார். கணக்கில் முட்டை வாங்கும் நான் அந்தப் பாடத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு.

இரண்டு மாதம் இரண்டு வருடமானது. ஒரு கோடை லீவில் மாமா கமலாவை அழைத்து வந்தார். அவள் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"யாருடா இந்தப் பொண்ணு?" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க மாமா பொண்ணுங்க!"

அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கமலா கையை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது, "போயிட்டு வரேன் அத்தை," என்றாள் அம்மாவிடம். வீட்டுக்கார அம்மாள் அங்கே இல்லை.

"நாலு பேருங்க," என்று மகன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சரியாகத்தான் சொன்னான். இருந்தாலும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.