கொளஞ்சியிடம் இருந்த இன்னொரு சாவி

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வடக்குத்து கிராமத்தில் எந்த வாசலிலிருந்து பார்த்தாலும் தெரியும். அங்கே பிறக்கும் மின்சாரம் மட்டும் ஊரின் தலைக்கு மேலேயே பறந்து எங்கெங்கோ போய்விடும். 1997இல் மாலை ஆறரைக்குக் கரண்ட் போனால், வடக்குத்து இருட்டை வெட்டியெடுத்து நிலக்கரியென்று விற்றுவிடலாம், அத்தனை கெட்டி.

பவுல்ராஜ் நிலக்கரிச் சுரங்கத்தில் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட் ஆகும் ஆசை கரைந்த பிறகு அவனுக்கு வேறொரு யோசனை பிறந்தது. சிநேகிதன் கொளஞ்சிநாதனின் ரைஸ்மில்லில் ஒரு பழைய ஜெனரேட்டர் இருந்தது. அதிலிருந்து கம்பி இழுத்து, இரண்டு தெருவில் முப்பது வீடுகளுக்கு டியூப்லைட்டும் ஃபேனும் ஓடவைத்தான்.

கம்பி யார் வேண்டுமானாலும் இழுப்பார்கள். அவன் மூளையெல்லாம் ஃபியூஸில் இருந்தது. மின்சாரம் மிஞ்சினால் உருகி அறுந்துபோக வீட்டுக்கு மெல்லிய இழை, தெருப் பெட்டிக்குச் சற்றுத் தடித்தது, ஜெனரேட்டர் பெட்டிக்கு அதைவிடத் தடித்தது.

"ஒரு வூட்டுல கோளாறுன்னா அந்த வூடுதான் இருட்டாவணும். பக்கத்து வூட்டுக்காரன் ஏன் இருட்டுல குந்திக்கினு இருக்கணும்?" என்பான்.

மாரியம்மாள் வீட்டு டியூப்லைட் தீப்பொறி கக்கியபோது, எதிர்வீட்டு வெளிச்சத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் பிடித்த பேனைக்கூட நழுவவிடவில்லை என்று ஊரே சத்தியம் செய்தது.

பெட்டிகளுக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி பவுல்ராஜின் அரைஞாணில். இன்னொன்றைக் கட்டின மனைவி லூர்துமேரியிடம்கூடக் கொடுக்காமல் கொளஞ்சியிடம் கொடுத்திருந்தான்.

மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர்கள் தங்கள் பஜாருக்கும் இதே ஏற்பாட்டைக் கேட்டார்கள். அது கிடைத்தால், சுரங்கத்தின் கேட் பாஸுக்குக் கான்ட்ராக்டர்முன் கைகட்டி நிற்கும் பிழைப்பு ஒழியும். நேரில் பார்க்கவென்று இரும்புக்கடை வேலுமணி தலைமையில் ஒரு ஞாயிறு மாலை, கரண்ட் போகும் நேரத்துக்கு வந்தார்கள்.

"ரெண்டாம் தெரு கம்பிய நானே முட்டவெக்கிறேன். அந்தத் தெரு மட்டும் அணையும். நீங்க மொதல் தெருவப் பாத்துக்கினே இருங்க" என்றான் பவுல்ராஜ். கொளஞ்சி பக்கத்தில்தான் நின்றான்.

நீளக் கழியால் கம்பிகளை முட்டவைத்தான். பொறி பறந்தது. தெருப் பெட்டி சும்மா இருந்தது. மில்லில் ஜெனரேட்டர் பிள்ளைப்பேறு கண்டதுபோல் முக்கியது. பிறகு கருகல் நாற்றத்தோடு இரண்டு தெருவும் இருண்டன.

"யோவ், மொதல் தெருவப் பாக்கச் சொன்னியே, அதையே காணோமேய்யா!" என்று சிரித்தபடி வேலுமணி ஸ்கூட்டரைக் கிளப்பினார். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

பவுல்ராஜ் டார்ச்சோடு தெருப் பெட்டிக்குப் போனான். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே இழைக்குப் பதில், விரல் கனத்துக்கு முறுக்கிய செப்புக்கம்பி. ஜெனரேட்டர் பெட்டியிலும் அதே.

"எம் மச்சானோட மாவு மெஷினுக்கு இதுலேர்ந்து லைன் குடுத்தேன். சும்மா சும்மா ஃபியூஸ் போச்சு" என்றான் கொளஞ்சி.

"எப்பலேர்ந்து?"

"மாசி மகத்துலேர்ந்து."

"காலையில எங்கூடதானடா டீ குடிச்ச? வாணாண்டா பவுலு, முட்டவெக்காதன்னு ஒரு வார்த்த..."

"சொன்னா பெட்டியத் தொறந்து பாப்ப. ஜெனரேட்டரும் என்துதான, எரிஞ்சதும் எனக்குத்தான. நீ ஏண்டா மூஞ்சத் தூக்கிக்கிற?"

வீட்டில் லூர்துமேரி சமாதானம் சொன்னாள்: "அவுரு தெரியாம செஞ்சிட்டாருங்க."

"தெரியாம செஞ்சவன் திரும்பப் பூட்டிட்டா போவான்?"

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகாமல் கம்பிகளைக் கழற்றப் போனான். கொளஞ்சி எப்போதும்போல் வந்து ஏணியைப் பிடித்தான். பவுல்ராஜ் இறங்கினான். ஏணியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்த் தனியே ஏறினான்.

"உழுந்தா ஆருடா தூக்கறது?" என்று கத்தினான் கொளஞ்சி.

பவுல்ராஜ் கம்பியை வெட்டினான். இன்னும் ஐந்து கம்பங்கள் இருந்தன.