எழுப்பிவிட்ட கை

வங்காளத்தில், பவானிபூர் கோவிலில் நற்கருணை வாங்கும்போது எனக்குப் பக்கத்தில் எப்போதும் அவர்தான் இருப்பார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், கழுத்துவரை பித்தான் போட்ட கறுப்புக் கோட்டு. முழங்காற்படியிட்டுவிடுவார், எழத்தான் முடியாது. நானும் ஒரு வங்காளி வாத்தியாரும் இரண்டு பக்கமும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். முழுப் பாரத்தையும் எங்கள்மேல் போட்டுவிடுவார். பின்னால் வரிசை தேங்கி நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் ட்ராமுக்குக் காத்து நின்றபோது கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நின்னுக்கிட்டே வாங்கலாம்னு பாதிரியாரே சொல்லிட்டாரே. ஏன் இந்தப் பாடு?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "முட்டு நல்லா இருந்த காலத்துல நானாப் போவேன், நானா எந்திரிச்சு வருவேன். பக்கத்துல யாருன்னு பார்த்ததே இல்ல வே. இப்ப ஞாயித்துக்கிழம எப்ப வரும்னு இருக்கு. கர்த்தர் என்னைத் தூக்குறது உங்க ரெண்டு பேரு கையிலதான் தெரியுது."

அடுத்த குளிர்காலத்தில் அவரைக் காணோம். ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. முழங்கால் மட்டும் இன்னும் திடமாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நானாகவே எழுந்து, யார் கையும் படாமல் வீடு திரும்புகிறேன்.